ஊடே புகுந்து போனது

எங்கள் தெருவில் மேடத்திடம் நல்ல செய்தி சொல்ல எல்லோருக்கும் பயம்.

பெண்ணுக்கு வரன் அமைந்தது, பையனுக்கு வேலை கிடைத்தது, மாடி எடுத்துக் கட்டப்போகிறோம் என்று இனிப்புப் பெட்டியோடு போய் நின்றால், பெட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். "ரொம்ப சந்தோஷம். இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" ஒன்றும் நடக்கவில்லையே என்றால் விடமாட்டார். "யோசிச்சுப் பாருங்க. யாராவது வந்துட்டுப் போனாங்களா?" அவர் குரலில் பொறாமை இருக்காது, கெட்ட எண்ணமும் இருக்காது. ரேஷன் கடையில் ஜீனி வந்துவிட்டதா என்று விசாரிப்பது போலத்தான் விசாரிப்பார். ஆனால் அந்தக் கேள்வியோடு வீடு திரும்பியவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்கள் தெருவில் ஒருத்திக்கும் இருந்ததில்லை, எனக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, வேதாகமத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தே போவார். நடையில் ஒரு கண்டிப்பு இருக்கும். தெருவில் மற்றவர்களுக்கு அவர் புரொபசரம்மா. எனக்கு மேடம்.

நான் அப்போது வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்குச் சற்று முன்னால். மேடத்துக்குப் பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி வைப்பதில் பெரிய ஆசை. படங்களுக்குக் கீழே ஒட்டும் விளக்க அட்டைகளை என்னிடம்தான் டைப் அடிக்கக் கொண்டுவருவார். எனக்கும் வானத்துக்கும் உள்ள சம்பந்தம் அப்படி ஆரம்பித்ததுதான். அதுவரை வடகம் காயப்போடும் நாளில் மட்டும்தான் நான் மேலே பார்த்திருக்கிறேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரில் இயேசுநாதர் படம். எதிர்ச் சுவரில், அதே அளவுச் சட்டத்தில், கண்ணாடி போட்டு இன்னொரு படம். வெளிநாட்டில் இருந்த பழைய மாணவி ஒருத்தி அனுப்பியது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி எடுத்த படம் என்றார். கருப்புப் பின்னணியில் ஒரு பெரிய நீல வளையம், அதற்குள் மங்கலாகச் சில ஆரக்கால்கள், நடுவில் சக்கரத்தின் குடம் மாதிரி மஞ்சளாக ஒரு பொட்டு. முதல் தடவை பார்த்தபோது தீபாவளிச் சங்குசக்கரம் என்றுதான் நினைத்தேன்.

"அழகா இருக்கு மேடம்" என்றேன்.

"அழகுதான். இது ஒரு ஆக்சிடென்ட்ம்மா."

அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாவு வீட்டில் கால் வைத்ததுபோல இருந்தது. ஆனாலும் நின்று கேட்டேன். நம் பால்வீதி மாதிரி, கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு பெரிய மண்டலம் சும்மா தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததாம். சின்னதாக இன்னொரு மண்டலம் எங்கிருந்தோ வந்து, நேராக அதன் நடுவில் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டதாம்.

"இடிச்சு நொறுங்கிப் போகலையா?"

"அதான் இல்ல. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல அம்புட்டு தூரம். ஒண்ணுகூட ஒண்ணு மேல இடிக்கல. ஒரு கீறல் கிடையாது. வந்துச்சு, போயிருச்சு. ஆனா அது பூந்து போறப்ப எல்லாத்தையும் ஒரு இழுப்பு உள்ளுக்கு இழுத்து விட்டுருச்சு. அப்புறமா அது அலையா வெளிய கெளம்பிருச்சு. அந்த அலைதான் இந்த வளையம். இன்னும் விரிஞ்சுக்கிட்டே போகுது."

நீலமாக ஜொலிக்கிறதே என்றேன். அலை போகிற வழியில் வாயு நெருக்கப்பட்டு, அதில் புதிது புதிதாக நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்றார். நல்ல விஷயந்தானே என்றேன். மேடம் கண்ணாடியை மேலே தள்ளினார். "நீலமா எரியறதுக எல்லாம் ஆயுசு கம்மிம்மா. சீக்கிரமாச் சாகும். வெடிச்சுச் சாகும்."

அந்தப் படத்தின் ஓரத்தில் இரண்டு சின்ன மண்டலங்கள் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. இன்னொன்று படத்துக்கு வெளியே தள்ளி இருக்கிறதாம். அவற்றில் ஏதோ ஒன்றுதான் உள்ளே புகுந்து போனது. எது என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். "வர்றவங்க எல்லாரும் வளையத்தத்தான் பாக்குறாங்க. நான் இதுகளத்தான் பாப்பேன்" என்று அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அவருடைய கேள்வி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எந்த வீட்டில் எது ஜொலித்தாலும், அவர் கண் ஜொலிப்பில் நிற்காது. வந்துவிட்டுப் போனது எது என்று ஓரத்தில் தேடும்.

என் வீட்டுக்காரர் பம்ப்செட் மோட்டார் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஒரு பழைய மாருதி வேனில் ஊர் ஊராகப் போய் வருவார். எதையும் கிண்டல் செய்யாமல் அவருக்குக் காப்பி இறங்காது. ஒருநாள் எங்கள் சமையலறைப் பக்கம் நின்றுகொண்டு மேடத்தைச் சீண்டினார். "மோதுச்சுங்கறீங்க, ஆனா எதுவும் இடிக்கலங்கறீங்க. இது என்ன மேடம் மோதலு? நம்ம அரசியல் கூட்டணி மாதிரில இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. அகலப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். அதன்மேல் அரிசி மாவை மெல்லியதாகத் தூவினார். கூடையிலிருந்து ஒரு சின்ன உருளைக்கிழங்கை எடுத்து நடுவில் போட்டார். மாவு வட்டமாக விலகி, வளையமாகி, ஓரத்தைப் பார்த்து நகர்ந்தது. நடுவில் வெறும் தண்ணீர். என் வீட்டுக்காரர் கைதட்டினார்.

"வளையத்தப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் மேடம். சூப்பரு."

"உருளைக்கெழங்க பாத்தீங்களா?"

அவர் குனிந்து பாத்திரத்துக்குள் தேடினார். நானும்தான். அது அடியில் கிடந்தது. மேடம் அதை எடுத்துக் கழுவி, முந்தானையில் துடைத்துத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப் படம் காட்டியதோடு நின்றிருந்தால் தெரு அவரைத் தாங்கியிருக்கும். தெருமுனை வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில்தான் எல்லாம் கெட்டது. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து அந்தச் சுவரை லேசாக உரசியது. முனை வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்தார்; ஒரு விரிசல் இல்லை. டிரைவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிட்டார். அந்தச் சுவரில் கரிக்கட்டியால் ஸ்டம்ப் வரைந்து பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மேடம் ஒவ்வொரு வீடாகப் போய், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொன்னார். முனை வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏங்க, கல்லு மாதிரி நிக்கிற செவத்தப் பாத்து இப்படிச் சொன்னா என்னங்க அர்த்தம்?" என்று சத்தம் போட்டார். மேடம் அமைதியாகச் சொன்னார். "விழுந்தாச்சுங்க. நமக்கு இன்னும் தெரியல, அம்புட்டுதான்."

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அந்தச் சுவர் முழுசாகப் படுத்தது. பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சாரலுக்கு மறைவாகக் கட்டிப்போட்டிருந்த பால்காரரின் கன்றுக்குட்டி அடியில் சிக்கிச் செத்தது. பிள்ளைகளைக் காப்பாற்றினாரே என்று ஒருவர்கூட அவரிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னபடி விழுந்துவிட்டதே என்றுதான் பேசிக்கொண்டார்கள். கருநாக்கு என்ற வார்த்தையை எங்கள் தெருவில் முதலில் உச்சரித்தவர் என் நாத்தனார், உசிலம்பட்டியிலிருந்து மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்க வருகிறவர். நாக்கில் கருப்பு மச்சம் இருப்பவர் வாயிலிருந்து வரும் கெட்டது அப்படியே பலிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"ஏத்தா, அந்தம்மா வாயில நம்ம வீட்டுப் பேச்சு விழக்கூடாது. நாக்குல மச்சம் இருக்கு."

"பாத்தீங்களா மதினி?"

"காப்பி குடிக்கையில எட்டிப் பாத்தேன். சரியாத் தெரியல. ஆனா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மேடம் என் வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது கேட்டால், என்னையறியாமல் பேச்சை மாற்றினேன். சிரிப்பு வேறு, பயம் வேறு.

அடுத்த தை மாதத்தில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. இந்தத் தடவை முழுக்க அந்த வளைய மண்டலங்கள்தான். நான் விளக்க அட்டைகளை அடித்துக் கொடுத்தேன். கடைசி அட்டை, 'ஊடே புகுந்து செல்லும் மண்டலமும் சேதமடைகிறது. அதன் வாயு உருவப்பட்டுவிடுகிறது' என்பது. ஒட்டிப் பார்த்தபோது பலகையில் இடம் போதவில்லை. மேடம் அந்த அட்டையை மட்டும் எடுத்து என் மேசையிலேயே வைத்துவிட்டார். "இது இல்லாட்டியும் பிள்ளைகளுக்குப் புரியும்மா" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை இருந்தது. மேடத்தையும் வேனில் கூட்டிப்போகிறேன் என்றார். சுருட்டிய சார்ட்டுகள் முன் சீட்டை அடைத்துக்கொண்டதால் மேடம் பின்னால் உட்கார்ந்தார். கூடத்துப் படத்தையும் கழற்றி எடுத்து வந்திருந்தார். அதன் கண்ணாடி உடைந்துவிடுமே என்று மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான்தான் கதவைச் சாத்தி அனுப்பினேன்.

மேலூர் தாண்டி, திருச்சி ரோட்டில், ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. இவர் வண்டியை ஒடித்தார். வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கிச் சறுக்கிக்கொண்டே போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது. நல்லவேளை, மோதும்போது வேகம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இவர் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்துப் பிளந்து, எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. வயல்காட்டில் நின்றவர்கள் ஓடிவந்து கதவைத் திறந்து, உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மேடம் தானாக இறங்கினார். கொண்டை அவிழ்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. அதைப் பல்லால் கடித்து நிமிர்த்தி மாட்டிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. அவரப் பாருங்க" என்றார். மடியில் இருந்த படத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இதெல்லாம் இவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. பிறகு வீட்டுக்கு விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல வண்டியின் வேகம் கூடிக்கொண்டே போனது, ஆடுகள் பெருகின, புளியமரம் பருத்தது. மேடத்தைப் பற்றிய வரி மட்டும் மாறவே இல்லை. "எனக்குத்தாங்க பட்டுச்சு. மேடம் பின்னாடி உக்காந்திருந்தாங்க." அத்தோடு ஆட்டு மந்தைக்குப் போய்விடுவார்.

அன்றைக்கு மதுரைக்கு பஸ்ஸில் திரும்பியதும் இவர் நேராக வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார். மேடம் பஸ் ஸ்டாண்டில் வைத்து, சத்தமே போட்டறியாதவர், சத்தம் போட்டிருக்கிறார். "வலிக்கலைன்னு சொல்றீங்களே தம்பி, அதுதான் எனக்குப் புடிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போயி தலைய ஸ்கேன் எடுத்துட்டுத்தான் வீடு." எனக்குத் தகவல் வந்து நான் ஓடிப்போனபோது இவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் மருத்துவரிடம் மரம், வேகம், இடித்த கோணம் எல்லாவற்றையும் பாடம் நடத்துவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டதற்குப் பக்கத்து வீடு என்றார். தானும் அந்த வண்டியில் இருந்ததாக அவர் சொல்லவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் திரும்பியது.

மேடத்துக்குத் திரும்பவில்லை. "இன்னைக்கு எடுத்ததுல ஒண்ணுமில்ல, அம்புட்டுதான். வளையம் மொத நாளே தெரியாதும்மா" என்றார். அந்த இடத்திலேயே அவர் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. எனக்கென்று இருந்தது இந்த ஒரு மனுஷன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது; இவர் சிரிப்புச் சத்தம் இல்லாவிட்டால் அந்த வீட்டில் டைப்ரைட்டர் சத்தம் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில், கல்லூரிக்குப் புறப்படும் முன் மேடம் வந்தார். இவரை நிற்கவைத்துப் பரீட்சை வைப்பார். இன்றைக்கு என்ன கிழமை? ஒற்றைக் காலில் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, விரலால் மூக்கைத் தொடுங்கள். இவருக்கு அது ஒரு விளையாட்டு. வேண்டுமென்றே தடுமாறுவது போல நடித்து என்னை அலறவைப்பார். மேடம் அலற மாட்டார்; கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் போன பிறகும் நான் இவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோசையைப் பிய்க்கிறாரா, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுகிறாரா, வார்த்தை குழறுகிறதா. ஒரு மனுஷனோடு வாழ்வது போய், அவரைக் காவல் காப்பதாகிவிட்டது.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "தெனமும் வந்து என்னமோ ஆகப்போகுதுன்னு சொல்லிச் சொல்லியே என் தம்பிய முடிச்சிரும் போல" என்று கத்தினார். உயிர் தப்பியதற்காக உசிலம்பட்டிப் பக்கத்தில் அவர்களுடைய கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக அவர் நேர்ந்திருந்தார். மாசி மாதம் அந்தப் படையலுக்கு நாள் குறித்தார்கள். மேடத்தைக் கூப்பிட வேண்டாம் என்றார் நாத்தனார். "என்னய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனதே அவங்கதான் அக்கா" என்று இவர் போய்க் கூப்பிட்டுவிட்டார். மேடமும் வந்தார். எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் பரீட்சை தவறக்கூடாது.

கோயில் என்றால் பொட்டலில் ஒரு அரிவாளும் சில வேப்பமரங்களும்தான். கிடா வெட்டி, சமைத்து, சாமிக்குப் படைத்து, மரத்தடியில் பந்தி போட்டார்கள். மேடம் இவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். இவர் சோற்றைப் பிசைவதை, எலும்பைக் கடிப்பதை, குழம்பை வழிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் இலையைத் தொடவில்லை. பரிமாறியவர்கள், கொஞ்சமாவது சாப்பிடுங்கள் என்று சுற்றி நின்றார்கள். நாத்தனார்தான் விரட்டினார்.

"வற்புறுத்தாதீங்கடா. அவுக வேதக்காரவுக. சாமிக்குப் படைச்சதத் தொட மாட்டாக."

அந்த நேரத்தில் நாத்தனாரின் நாகரிகத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சண்டைக்காரியாக இருந்தாலும் அடுத்தவர் வேதத்துக்கு மரியாதை கொடுக்கிறாரே. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார்கள். மேடம் அதையும் தொடவில்லை. நாத்தனார் சொன்னதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா புன்னகைத்தார். வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு என் கொழுக்கட்டையைக் கேட்டு வாங்கித் தின்கிறவர் அவர். ஆனால் அது வெல்லமும் தேங்காயும்; இது பலி கொடுத்தது. கறியென்று வரும்போது அவர்களுக்கு ஒரு வரம்பு இருக்கும் போல என்று நாங்கள் எல்லோரும் மனதாரப் புரிந்துகொண்டோம்.

திரும்பும்போது கோயில் பொட்டலில் மேடத்தின் இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவர் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தார். முள்ளுக்காடு. நான்தான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"கண்ணாடி கோணலா இருக்குல்லம்மா, கீழ சரியாத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

அந்தக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. காப்பி டம்ளரை மேசை விளிம்பில் வைத்துச் சேலையில் கொட்டிக்கொண்டாரா, கண்ணாடி. எங்கள் வாசல்படியில் தடுக்கினாரா, கண்ணாடி. தலையைச் சாய்த்தே பார்க்கிறாரே என்றால் அதுவும் கண்ணாடி. கடைத்தெருப் பக்கம் போய் மாற்றித் தொலையுங்களேன் மேடம் என்று நானே சண்டை பிடித்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "இவர இந்தப் பாடு படுத்துறீங்களே, நீங்களும் அதே வண்டியிலதான இருந்தீங்க? உங்களையும் ஒருதடவ காட்டிக்கிட்டா என்ன?"

மேடம் அபூர்வமாகச் சிரித்தார். "நான் வேடிக்கை பாத்தவம்மா" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த வார்த்தைமேல் கோபம் கோபமாக வருகிறது. படித்த திமிர் அது. பெரிய மண்டலத்தைப் பார்த்தாயே, சின்ன மண்டலத்தைப் பார்த்தாயே, ஓரத்தில் தேடு ஓரத்தில் தேடு என்று ஊருக்கே சொன்னாயே, உன் தலை எந்தப் படத்திலும் இல்லை என்று உனக்கு யார் சொன்னது? அவர் இருந்திருந்தால் முகத்துக்கு நேராக இப்படி ஒருமையில் கேட்டிருக்க மாட்டேன். இல்லாததால் கேட்கிறேன். அவர் தன் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்து உங்களை அழவைக்க எனக்கு விருப்பமில்லை.

கிடாவெட்டு முடிந்து சில நாள் கழித்து, வழக்கம்போல ஒரு காலைநேரம். முன்னறையில் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் வந்து கூடத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது, வெயில் என்று நினைத்தேன். இவர் ஷேவிங் சோப்பு முகத்தோடு வந்து நின்று கிழமையைச் சொன்னார், ஒற்றைக் காலில் நின்றார், கண்ணை மூடி மூக்கைத் தொட்டார். தொட்டதில் மூக்கில் நுரை ஒட்டிக்கொண்டது. நான் சிரித்தேன்.

"நாந்தான் தெனமும் பாஸ் ஆயிக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாச்சும் நீங்க செஞ்சு காட்டுங்க மேடம்" என்றார் இவர்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையை நீட்டி மடக்கினார். விரல் மூக்குக்குப் போகவில்லை. மெதுவாக, ரொம்ப நிச்சயமாக, காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

இவர் பலமாகச் சிரித்தார். மேடம் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார். நானும் அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். மேடம் விளையாடி நாங்கள் பார்த்ததே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் கண்ணைத் திறந்து, தன் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளப் போனார். அந்தக் கை அதற்கும் வரவில்லை.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார்.

சோப்பு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இவர் ஓடினார். பட்டறையிலிருந்து சரிசெய்து வந்திருந்த வேனில் அதே பின் சீட்டில் நான் மேடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். தலைவலிக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்ச நாளா" என்றார். "சாப்பாடுகூட வாசனை வந்தாலே கொமட்டிக்கிட்டு…" அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வலது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு வேப்பமரத்தடிப் பந்தியும் அந்தத் தொடாத இலையும் ஞாபகத்துக்கு வந்தன. அவருக்கு நாங்கள் காட்டிய மரியாதையை நினைக்கவே பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் ஏற்றும்போது அவர் கண் திறக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி. மருத்துவர் மட்டும் வேறு, இளைஞர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூளைக்கு மேலே ரத்தம் தேங்கி நிற்கிறது என்றார். இன்றைக்கு நேற்றுக் கசிந்த ரத்தம் இல்லை, வாரக் கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. வெளியில் காயமே தெரிந்திருக்காது, லேசான இடியாகக்கூட இருந்திருக்கலாம். அழுத்தம் கூடிக் கூடி இப்போது மூளையைத் தள்ளிவிட்டது என்றார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? போன மாசம், அதுக்கு முந்தின மாசம், இவங்களுக்குத் தலையில எங்கயாச்சும் அடி பட்டுச்சா?"

இவர் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். யோசிக்கவே இல்லை. கை தன்னால் நெற்றித் தழும்புக்குப் போனது.

"எனக்குத்தான் சார் பட்டுச்சு. மேடம் பின்னாடி உக்காந்…"

மருத்துவர் அவருடைய தழும்பைப் பார்த்தார், மூடியிருந்த கதவைப் பார்த்தார், மறுபடி தழும்பைப் பார்த்தார். இவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.